விதைநெல்லுக்குள் கிடந்த மணிக்கூடு

2024ஆம் ஆண்டு ஜூலை இருபதாம் திகதி, சனிக்கிழமை, மாலை நான்கு மணி இருபது நிமிடம். அப்பாவின் இடக்கையில் அக்கா அந்தக் கைமணிக்கூட்டைக் கட்டிவிட்டபோது அது காட்டிய நேரம் அதுதான். கட்டி முடித்ததும் அவருடைய கையை என் பக்கம் திருப்பி, நேரம் சரிதானா என்று பார்க்கச் சொன்னாள். நான் கைத்தொலைபேசியை எடுத்து ஒப்பிட்டேன். நிமிடம் பிசகவில்லை. இன்றுவரை அந்தத் திகதி எனக்கு மறக்காமல் இருப்பதற்கு அந்த ஒப்பீடே காரணம்.

அக்கா என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். அவள் திருமணமாகி சுவிற்சர்லாந்துக்குப் போனபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். பழுகாமத்தில் நாங்கள் இருக்கும் வீடு அவளுக்கென்று கட்டியது. மூத்த பெண்ணுக்கு வீடு என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவள் கடல் கடந்த பிறகு அது இளையவளான எனக்கென்று ஆயிற்று. அதைப் பற்றி வீட்டில் ஒருவரும் பேசியதில்லை.

அங்கே அவள் மலைகளுக்கு இடையில் ஒரு பள்ளத்தாக்கில் இருக்கும் மணிக்கூட்டுப் பட்டறையில் வேலை செய்கிறாள். ஊருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எங்களுக்கும் அதற்கு மேல் அதிகம் தெரியாது. ஊர் வயல்வெளியான வட்டையில் அப்பாவின் வயலுக்கு அடுத்த வயல்காரர், முறைக்கு எங்களுக்கு மாமா, மணிக்கூட்டுக்கு மின்கலம் மாற்றுவதுதான் அந்த வேலை என்று தாமாகவே ஒரு விளக்கம் கொடுத்துவைத்திருந்தார்: "பெற்றி போடுற வேலதானே மச்சான்." அம்மா இதைத் தொலைபேசியில் ஒரு பகிடியாக அக்காவுக்குச் சொன்னாள். அக்காவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இருக்கவேண்டிய அளவுக்கு நீளவில்லை என்பதை நான் கவனித்தேன்.

அந்த வருடம் வைகாசியில் ஒரு நாள் அவள் என்னைத் தனியே அழைத்து, அப்பாவின் மணிக்கட்டு அளவு வேண்டும், அவருக்குத் தெரியக்கூடாது என்றாள். அப்பா மதியம் சாப்பிட்டுவிட்டுப் பாயில் கண்ணயர்ந்திருந்த நேரம் பார்த்து, தையல் நூலொன்றை அவர் கையைச் சுற்றி எடுத்து, அளவு கோடிட்ட அடிமட்டத்தில் நீட்டி அளந்தேன். மில்லிமீற்றர் கணக்கில் எழுதி அனுப்பினேன். அந்த அளவு எதற்கு என்று கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது என் இயல்பு. ஜூலையில் அவளுடைய பட்டறை மூடும் விடுமுறைக்கு அவள் தனியாக வந்திறங்கியபோது, உருக்குச் சங்கிலியின் கண்ணிகள் அந்த நூலின் அளவுக்கே கழற்றப்பட்டிருந்தன.

மணிக்கூட்டைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் அம்மா விலையைத்தான் கேட்டாள். விலைக்கு வாங்கவில்லை என்றாள் அக்கா. அந்தப் பட்டறையில் பத்து வருடம் வேலை செய்தவர்களுக்கு ஒரு மணிக்கூடு கொடுப்பார்களாம். அது அவளுக்குக் கிடைத்தது. "அப்ப நீ கட்டாம அப்பாக்கு ஏன் புள்ள?" என்று அம்மா கேட்டாள். அக்கா அப்பாவிடம் மட்டும், "என்ட கை பட்டது அப்பா" என்றாள்.

அது பாற்கஞ்சி நிற முகப்புக் கொண்ட குரோனோகிராப். நேரம் காட்டுவதோடு, தொடங்கியும் நிறுத்தியும் நேரத்தை அளக்கக்கூடிய மணிக்கூட்டுக்கு அந்தப் பெயர். முகப்புக்குள் மூன்று சிறு வட்டங்கள், ஒவ்வொன்றிலும் மயிரிழை போன்ற ஒரு முள். வலப்பக்கத்தில் நேரம் திருத்தும் திருகிக்கு மேலே ஒரு பொத்தான், கீழே ஒரு பொத்தான். நான் அதுவரை ஆடம்பரமான மணிக்கூடு என்றால் மினுக்கமாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன். இதில் மினுக்கமே இல்லை. எண்களின் தடிப்பு, முட்களின் நீளம், வட்டங்களுக்கு இடையிலான இடைவெளி எல்லாம் நீக்கவும் சேர்க்கவும் இடமில்லாத ஒரு வெண்பாவைப் போல அடங்கியிருந்தன.

இதற்குப் பெற்றி கிடையாது, சாவி கொடுக்கவும் தேவையில்லை, கையில் கட்டியிருந்தால் போதும் என்று அக்கா சொன்னாள். பிறகு மேல் பொத்தானை அழுத்தினாள். நடுவில் பன்னிரண்டைக் காட்டி அசையாமல் நின்ற நீளமான முள் புறப்பட்டது. அது சாதாரண நொடிமுள்ளைப் போலத் துள்ளித் துள்ளிப் போகவில்லை. வாவியில் காற்றில்லாத நேரம் தோணி வழுக்குவதைப் போலப் போனது. அப்பா அது ஒரு சுற்று முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். பொத்தான்களின் பயனை அக்கா சொல்லத் தொடங்கிய வேளையில் படலையில் ஆட்கள் வந்து அவளைக் கூப்பிட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவளைப் பார்க்க வந்த உறவினர். அவளுடைய விளக்கம் அந்த இடத்தில் நின்றது. பின்னால் நடந்தவை எல்லாம் சொல்லப்படாத அந்த மிச்சத்தால் நடந்தவை.

மறுநாள் காலையில் அப்பா புதிய மணிக்கூட்டோடு வயலுக்குப் போனார். கதிர் பால் பிடிக்கும் பருவம்; குளத்துத் தண்ணீர் முறை வைத்து வந்துகொண்டிருந்தது. மதியம் சாப்பாட்டுக்கு வந்தபோது அவர் கையில் ஒன்றுமில்லை. மாலையில் பழைய மணிக்கூடு இருந்தது. கறுத்த பிளாஸ்ரிக் வார், கீறல் விழுந்த கண்ணாடி. வயலுக்கு இது போதும் என்று, யாரும் கேட்காமலே சொன்னார்.

செவ்வாய்க்கிழமை மண்டூரிலிருந்து அம்மாவின் ஆட்கள் விருந்துக்கு வந்தார்கள். மகள் கொண்டுவந்த மணிக்கூட்டைக் காட்டுங்கள் என்று கேட்டார்கள். அப்பா, "அது உள்ளுக்கு இருக்கு" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் பிந்தியதால் சில வயல்களில் கதிர் பால் பிடிக்காத கதையை எடுத்தார். விருந்தாளிகளும் விவசாயிகள்தான். பேச்சு உடனே அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. சோற்றுக் கரண்டியோடு நின்ற அக்கா குசினிக்குள் போனாள். சிறிது நேரம் கழித்துத்தான் திரும்பி வந்தாள்.

அன்று மாலை நானும் அவளும் வாவிக்கரைக்கு நடந்தோம். இறால் வலைக்காரர்கள் தோணிகளைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவள் தோணிகளைப் பார்த்துக்கொண்டே, பட்டறையில் கொடுக்கும் மணிக்கூட்டை நாமே தெரிந்தெடுக்கலாம் என்றும், பெண்கள் கட்டும் சிறியது ஒன்றும் இருந்தது என்றும் சொன்னாள். அவள் இதைக் கேட்டபோது கூட வேலை செய்பவர்கள் அவளிடம், ஆண்பிள்ளையின் மணிக்கூடு உனக்கு எதற்கு என்று கேட்டார்களாம். இன்னொன்றும் அவள் கேட்டு வாங்கியிருந்தாள். அந்தக் குறிப்பிட்ட மணிக்கூட்டுக்குள் போகும் பாலத்தைத் தானே தீட்டவேண்டும் என்ற அனுமதி. பாலம் என்பது உள்ளே சக்கரங்களின் அச்சுகளைத் தாங்கிப் பிடிக்கும் தகடு. அதன் விளிம்புகளைச் சரித்து மெருகேற்றுவதுதான் அவளுடைய வேலை. பத்து வருடமாக அவள் செய்த பாலங்கள் யார் யாருடையவோ கைகளில் இருக்கின்றன. எது எங்கே போனது என்று அவளுக்குத் தெரியாது. இது ஒன்றுதான் எங்கே போகிறது என்று தெரிந்து செய்தது.

"நான் போனது அப்பாக்கு இன்னும் ஆறல்ல போல" என்றாள். "இல்லாட்டி நான் செய்யிற வேல அவருக்கு ஒரு வேலயாத் தெரியல்ல."

அப்படி இருக்காது என்றேன். எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

"அலுமாரிக்குள்ள கிடக்கிறதுக்கு அத நான் செய்யல்ல தங்கச்சி. போகக்குள்ள திருப்பிக் கொண்டு போயிருவன்."

அவள் புறப்பட இன்னும் சில நாட்களே இருந்தன. கோபத்தில் சொல்வதை அவள் பிறகு மாற்றிக்கொள்வாள். ஆனால் இதைக் கோபமில்லாமல் சொன்னாள். அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

அப்பா அந்த நாட்களில் அடிக்கடி நெல் அறைக்குள் போய்வந்துகொண்டிருந்தார். காலையில் ஒருமுறை, வயலிலிருந்து வந்து ஒருமுறை, படுக்கப்போகுமுன் ஒருமுறை. "உங்கட அப்பா எலிக்குக் காவல் இருக்காரு" என்று அம்மா சொன்னாள். புதன்கிழமை பின்னேரம் அவர் என்னைக் கதவருகே நின்று சைகையால் அழைத்தார். உள்ளே போனேன். பெரும்போகத்துக்கென்று ஒதுக்கிய விதைநெல் சாக்குகளில் ஒன்று வாய் அவிழ்ந்திருந்தது. அவருடைய கைகள் முழங்கை வரை உமித்தூசி.

"மகள், நீ படிச்ச புள்ள. தண்ணி பட்ட மணிக்கூட்டுக்கு என்ன செய்யிற எண்டு போன்ல பாரு."

பிறகு சாக்குக்குள் கையை விட்டு அதை வெளியே எடுத்தார்.

நடந்ததை அவர் மெதுவாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலை மதகடியில் வாய்க்காலை வெட்டிவிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். தண்ணீர் தெறித்து மணிக்கூடு நனைந்திருக்கிறது. துடைத்துவிட்டுப் பார்த்தால் நீட்டு முள் நின்றுவிட்டது. அக்கா கட்டிவிட்டபோது வழுக்கிக்கொண்டு போன அதே முள். அதைத் தான் கொன்றுவிட்டதாக அவர் எண்ணினார். பக்கத்து வயலில் நின்ற மாமா, தன்னுடைய கைத்தொலைபேசி வாய்க்காலுக்குள் விழுந்து நெல்லுக்குள் புதைத்துத்தான் பிழைத்தது என்று சொல்லியிருக்கிறார். காய்ந்த நெல் தண்ணீரை இழுத்துவிடும். எங்கள் வீட்டில் விதைநெல்லைவிடக் காய்ந்த பொருள் வேறில்லை. ஆகவே அந்த உயர்ந்த மணிக்கூடு ஞாயிற்றுக்கிழமை மதியத்திலிருந்து சாக்கின் நடுவில், ஒரு முழ ஆழத்தில் கிடந்திருக்கிறது.

"முதல்ல நீட்டு முள்ளு மட்டும்தான் நிண்ட. இப்ப எல்லாம் நிண்டுட்டு. நெல்லுக்குள்ளயே செத்துப் போச்சி." அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பத்து வருசத்து உழைப்பு அவட. நான் ஒரு நாள் வச்சிருக்கல்ல."

மூன்று சிறு வட்டங்களிலும் அசைவில்லை. சங்கிலியின் கண்ணிகளுக்குள் உமி ஏறியிருந்தது. அப்பாவை நான் அப்படி ஒரு முகத்தோடு அதற்கு முன் கண்டதில்லை. வெள்ளம் வந்து விளைந்த நெல்லைக் கொண்டுபோன வருடத்தில்கூட அவர் படலையில் நின்று அடுத்த போகத்தைப் பற்றித்தான் பேசினார்.

அக்காவிடம் சொல்லிவிடாதே என்றார். நான் வாக்குக் கொடுக்கவில்லை. அவளுடைய மனதில் ஒரு காரணம் இருந்தது, அவருடைய மனதில் வேறொரு காரணம் இருந்தது. அந்த வீட்டில் இரண்டும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கைத்தொலைபேசியை நான் எடுக்கவே இல்லை.

"செஞ்சவ வீட்டுக்குள்ள இருக்கக்குள்ள நான் போன்ல ஆரக் கேக்கிற அப்பா?" என்றேன். "அவ வேற மாதிரி நினைச்சிட்டு இருக்கிறா. நீங்க அவட வேலைய மதிக்கல்ல எண்டு."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவருக்கு அது தோன்றியே இருக்கவில்லை. சாக்கின் வாயைக் கட்டினார். கிணற்றடிக்குப் போய்க் கையும் காலும் கழுவி, தோளில் இருந்த துவாயால் துடைத்தார். மணிக்கூட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு விறாந்தைக்கு வந்தார். அக்கா மேசையருகே அம்மாவுக்கு முருங்கையிலை உருவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"மகள், நான் இத உடைச்சிப்போட்டன்."

அக்கா கையிலிருந்த முருங்கைக் கொப்பை வைத்துவிட்டு எழுந்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார்: மதகு, தண்ணீர், நீட்டு முள், விதைநெல். சொல்லச் சொல்ல அவள் முகத்தில் ஏதோ இளகியதை நான் பார்த்தேன். அவள் அதை மறைக்கக் குனிந்து மணிக்கூட்டைக் கையில் வாங்கினாள். மேசையில் ஒரு வெள்ளைத் துணியை விரிக்கச் சொன்னாள். தன் கைப்பையிலிருந்து சிறிய தூரிகையை எடுத்துக் கண்ணிகளுக்குள் இருந்த உமியைத் தட்டினாள். பிறகு மணிக்கூட்டைக் காதோடு வைத்து, கையை மெதுவாக அப்படியும் இப்படியும் அசைத்தாள், தூங்கும் பிள்ளையை எழுப்பாமல் தொட்டிலை ஆட்டுவதைப் போல.

இடப்பக்கத்துச் சிறு வட்டத்தில் முள் ஓடத் தொடங்கியது.

"இது சாகல்ல அப்பா. பசியில கிடந்திருக்கு."

கை அசையும்போது உள்ளே ஒரு அரைவட்டத் தகடு சுழல்கிறது; அந்தச் சுழற்சிதான் அதற்குச் சாப்பாடு. கழற்றி வைத்தால் இரண்டு நாளுக்குச் சற்று அதிகமாகத் தாங்கும், பிறகு நின்றுவிடும். நெல்லுக்குள் கிடந்தது அசைவில்லாமல் நின்றதே தவிர, தண்ணீரால் நின்றதில்லை. தண்ணீர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை என்றாள்.

அப்பா விடவில்லை. "அப்ப நீட்டு முள்ளு? அது நெல்லுக்குள்ள போக முன்னமே நிண்டதே."

அக்கா நேரத்தைச் சரிசெய்து, மணிக்கூட்டை அவர் கையில் மீண்டும் கட்டினாள். மேல் பொத்தானை அழுத்தினாள். நீளமான முள் வழுக்கிக்கொண்டு புறப்பட்டது. அப்பாவின் உதடு திறந்தது.

"மண்வெட்டி பிடிக்கிற மாதிரி கைய வைங்க பாப்பம்."

அவர் காற்றில் மண்வெட்டி பிடித்தார். வாய்க்கால் மண்ணை இழுப்பதுபோல மணிக்கட்டைப் பின்னால் மடக்கினார். புறங்கை பொத்தானில் பட்டது. முள் நின்றது.

அம்மாதான் முதலில் சிரித்தாள். அப்பா மீண்டும் மடக்கினார்; முள் நின்ற இடத்திலிருந்து புறப்பட்டது. மறுபடி மடக்கினார், நின்றது. "தானா நிண்டதில்ல, நானா நிப்பாட்டினது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். நீளமான முள் நேரத்துக்கானது அல்ல, அளப்பதற்கானது, தேவைப்படும்போது ஓடவிட்டுத் தேவை முடிந்ததும் நிறுத்துவது, கீழ்ப் பொத்தான் அதைப் பன்னிரண்டுக்குக் கொண்டுவந்து விடுவது, நேரத்தின் நொடி ஓடுவது அந்தச் சிறு வட்டத்தில் என்று அக்கா சனிக்கிழமை விட்ட இடத்திலிருந்து சொல்லி முடித்தாள். "மூணு நாளா விதைநெல்லுக்கு மணிக்கூடு காவல்" என்று அம்மா திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்தாள். இலை உருவுவதை அவள் அன்று முடிக்கவே இல்லை.

சிரிப்பு அடங்கியபோது, அதன் முதுகைப் பார்க்கலாமா என்று நான் கேட்டேன். அந்த வார்த்தைகளை வாவிக்கரையிலிருந்து திரும்பியது முதலே மனதில் வைத்திருந்தேன்.

அக்கா மணிக்கூட்டை அப்பாவின் கையிலிருந்து கழற்றி, கவிழ்த்துத் துணியில் வைத்தாள். பின்பக்கம் கண்ணாடி. கண்குழியில் செருகிப் பார்க்கும் ஒரு சிறு பூதக்கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்து என்னிடம் தந்தாள். முதலில் மங்கலாக இருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்ததும் தெளிந்தது. அவள் மணிக்கூட்டைச் சற்றுச் சரித்தாள்; அரைவட்டத் தகடு தன் பாரத்தில் கீழே இறங்கி விலக, உள்ளே இருந்தவை தெரிந்தன. சிவப்புக் கற்களில் நட்ட அச்சுகள். நீலத் திருகாணிகள். நிற்காமல் சுவாசிப்பதுபோல விரிந்து சுருங்கும் ஒரு மெல்லிய சுருள். கோட்டைக் கொத்தளம்போலச் சிறு தூண்கள் நின்ற ஒரு சக்கரம். மேல் பொத்தானை அழுத்து என்றாள். அழுத்தினேன். தூண்சக்கரம் ஒரு படி திரும்பியது, ஒரு நெம்புகோலின் மூக்கு இரண்டு தூண்களுக்கு நடுவில் விழுந்தது, வேறொரு சக்கரம் நகர்ந்து வந்து மற்றொன்றோடு பல் கோத்தது. முகப்பில் ஒரு முள் புறப்படுவதற்குப் பின்னால் இவ்வளவும் நடக்கிறது. ஒன்றும் மற்றொன்றை இடிக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் நடுவில் வளைந்து கிடந்தது அவளுடைய பாலம். அதன் மேற்பரப்பு மங்கலாக, ஒரே திசையில் நேர்த்தியான கோடுகளோடு இருந்தது. அதன் விளிம்பு முழுவதும் சரித்துத் தீட்டிய ஓர் ஒளிக்கீற்று ஓடியது. அவள் மணிக்கூட்டை அசைத்தபோது அந்தக் கீற்று ஒரே கணத்தில் வெள்ளையிலிருந்து கறுப்பாகி மீண்டும் வெண்மையானது. இடையில் எங்கும் ஒளி உடையவில்லை. நல்ல கவிதையில் சீரும் சீரும் சேரும் இடம் காதுக்குத் தெரியாமல் இருக்கும் என்று பல்கலைக்கழகத் தமிழ் வகுப்பில் பல தடவை கேட்டிருக்கிறேன். கண்ணுக்குத் தெரியாமல் சேர்ந்த இடத்தை நான் முதன்முதலாகக் கண்டது என் அக்காவின் வேலையில். எழுந்து பூதக்கண்ணாடியை அப்பாவிடம் நீட்டினேன். நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

அடுத்து அப்பா குனிந்தார். பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைக்க அவருக்குச் சிறிது நேரம் எடுத்தது. வைத்தபின் அவர் அசையவில்லை. அக்கா பக்கத்தில் நின்று, ஒரு விரலை மேசையில் ஊன்றியபடி அவருடைய தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பாவுக்கு மணிக்கூட்டைப் பற்றித் தெரியாது. ஆனால் விளிம்பைப் பற்றித் தெரியும். போகத்துக்குப் போகம் வரம்பு செதுக்குபவர் அவர். நேர் வரம்பை யாரும் செதுக்கலாம். இரண்டு வரம்பு உள்நோக்கிச் சந்திக்கும் மூலையில்தான் தண்ணீர் கசியும், மண்வெட்டி முகம் திரும்பாது, அங்கே கையால் சேறு அணைத்துத்தான் முடிக்கவேண்டும். எங்கள் வட்டையில் அப்பாவின் வயல் எது என்று மூலையைப் பார்த்துச் சொல்லலாம்.

அவர் தலையை உயர்த்தாமலே கேட்டார்.

"மூலையெல்லாம் கையாலயா மகள்?"

அக்கா அவர் அருகில் குனிந்தாள்.

பாலத்தின் விளிம்பில் இரண்டு சரிவுகள் உள்நோக்கிச் சந்திக்கும் கூர்மூலைகள் நான்கு இருக்கின்றன. வெளிவளைவுகளை இயந்திரம் தீட்டிவிடும், உள்மூலைக்குள் எந்த இயந்திரத்தின் முனையும் போகாது என்றாள். அரத்தால் பிடித்து, பிறகு அந்த மலைகளில் மஞ்சளாய்ப் பூக்கும் ஒரு செடியின் காய்ந்த தண்டைக் கூராகச் சீவி, அதில் மெருகுப்பசை தொட்டு, மூலைக்குள் தேய்த்துக்கொண்டே இருக்கவேண்டும். ஒரு தடவை கை வழுக்கினால் பாலம் முழுவதும் வீண். சேர்ந்த முதல் வருடம் அவளை மூலை தொட விடவில்லை. இப்போது அந்தப் பட்டறையில் உள்மூலை எல்லாம் அவளிடம்தான் வருகிறது.

இதை அவள் பத்து வருடத்தில் எங்களிடம் சொன்னதில்லை. நாங்கள் கேட்டதுமில்லை. தொலைபேசியில் குளிரைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் கேட்டோம்.

அப்பா அவளுடைய வலக்கையை எடுத்துத் திருப்பினார். பெருவிரலின் ஓரத்தில் தோல் தடித்து, வழுவழுப்பாக இருந்தது. தன் பெருவிரலால் அதை ஒருமுறை தடவிப் பார்த்தார். "இது வேல" என்றார். அவர் தன் வயலில் நிற்கும் கூலிக்காரரையோ தன்னையோ புகழ்ந்து நான் கேட்டதில்லை. அந்தச் சொல்லுக்கு மேல் அவரிடம் பெரிய சொல் இல்லை என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

அக்கா மணிக்கூட்டைத் திருப்பிக் கொண்டுபோவதைப் பற்றிப் பிறகு ஒருபோதும் பேசவில்லை. மணிக்கூட்டைப் பெட்டிக்குள் வைக்கட்டுமா என்று அம்மா கேட்டபோது, "கையில கிடக்கட்டும், பசிக்கும்" என்று அப்பா சொன்னார்.

மறுநாள் விடிய எங்கள் வயலுக்குத் தண்ணீர் முறை. நான் வழக்கமாக வயலுக்குப் போவதில்லை; விடுமுறையில் வீட்டிலிருந்து படிப்பேன். அன்று அக்காவும் நானும் அப்பாவோடு போனோம். பூதக்கண்ணாடியை நான் இரவல் கேட்டு வாங்கியிருந்தேன். மதகடியில் மாமா ஏற்கெனவே நின்றார். அப்பாவின் கையைப் பார்த்ததும், "என்ன மச்சான், நெல்லு உயிர் குடுத்திட்டா? இல்ல மகள் புதுப் பெற்றி போட்டாவா?" என்று கேட்டார். வரம்பில் நின்ற இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

அப்பா மதகுப் பலகையை உயர்த்தினார். தண்ணீர் வாய்க்காலில் ஓடி வந்து எங்கள் வயலின் வாய்க்குள் புகுந்த நேரம், அக்காவின் பக்கம் கையை நீட்டினார். பன்னிரண்டில் நிறுத்தி வைத்திருந்த முள்ளை அவள் மேல் பொத்தானை அழுத்தி ஓடவிட்டாள். எங்கள் முறைக்கான நேரத்தை முள் அளக்கத் தொடங்கியது. அதன் பிறகு அவர் சங்கிலியை அவிழ்த்து, மணிக்கூட்டை மாமாவிடம் நீட்டினார். முகப்பைக் காட்டவில்லை. கவிழ்த்து முதுகைக் காட்டினார்.

மாமா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். உள்ளே ஏதோ மினுங்குகிறதே, இதெல்லாம் என்ன என்று கேட்டார். அப்பா அக்காவைப் பார்த்தார். அக்கா தண்ணீரைப் பார்த்தாள். வரம்பில் நின்றவர்கள் எல்லாரும் காத்திருந்தார்கள். நான் பொதுவாக அப்படியான இடத்தில் பேசுகிறவள் அல்ல.

"அதுக்குள்ள பெற்றி இல்ல மாமா. எங்கட அக்கா கையால செஞ்சது இருக்கு" என்றேன். "மூலையப் பாருங்க."

ஈர வரம்பில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, பூதக்கண்ணாடியை அவருடைய கண்ணோடு சேர்த்துப் பிடித்தேன். அவர் பார்த்து முடிக்கும்வரை என் கை ஆடாமல் பார்த்துக்கொண்டேன்.